வீட்டுக்காரரிடம் பொய் சொல்லிவிடவா?

வணக்கம் மேடம்,

எனக்கு 31 வயது. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம். கணவரைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகள் இரண்டாம் வகுப்பு. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை மறுபடி தொடங்கி, இந்த வருஷம் தஞ்சாவூரில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். வேலையையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினால் பிள்ளை தூங்கியிருப்பாள்.

தஞ்சாவூரிலேயே வீடு எடுத்துவிடலாம் என்று அலைகிறேன். மாணவியர் விடுதியில் குழந்தையோடு இருக்க முடியாது. ஒரு அச்சகத்துக்கு டைப்பிங், புரூஃப் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். மாதம் 12,000 ரூபாய் போல வரும். வாடகைக்கு 5,000 ஒதுக்கலாம். அதற்கு ஒத்துவருகிற இடங்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாமே ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: “சார் எங்கே வேலை பார்க்கிறார்?”

கீழவாசல் பக்கம் ஒரு போர்ஷன் பார்த்தேன். அந்த அம்மா காபி கொடுத்தார், மகளுக்குப் பால் கொடுத்தார். அடுப்படி மேடை, பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டினார். நான் விஷயத்தைச் சொன்னதும் என் கழுத்தை ஒருமுறை பார்த்தார். மகள் பாதி குடித்திருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, “எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா” என்றார். அப்புறம் போன் வரவே இல்லை.

“தாலியைப் போட்டுக்க, அவர் சிங்கப்பூர்ல இருக்கார்னு சொல்லிடு. நம்ம பக்கம்தான் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்களே, யாரு சந்தேகப்படப் போறா?” என்கிறாள் தோழி. “பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டு நீ மட்டும் ஹாஸ்டல்ல இரு” என்கிறார் அம்மா. அண்ணனுக்கு நான் படிப்பதே பிடிக்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. பொய் சொல்லி வீடு பிடிப்பது தப்பா? என் ஆசைக்காகப் பிள்ளையை அலைக்கழிக்கிறேனா?

பெயர் வேண்டாம்,
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

சிங்கப்பூர் யோசனையை முதலில் பார்த்துவிடுவோம். நேராக இருந்தால் வீடு இல்லை என்கிற ஊரில், பொய் சொல்கிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பொய்யை நாள் முழுக்கக் காப்பாற்றப் போவது உங்கள் மகள். நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள், அவள் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பாள். “அப்பா எப்ப வருவார்? தீபாவளிக்கு என்ன அனுப்பினார்?” என்று வீட்டுக்கார அம்மா பாசமாகத்தான் கேட்பார். அப்பாவைப் பற்றி வாயைத் திறந்தால் அம்மாவுக்கு வீடு போய்விடும் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை பயந்துகொண்டே இருக்கும். அந்தப் பேச்சை அவள் உங்களிடமே எடுக்காமல் போய்விடுவாள். இதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன்.

“சார் எங்கே?” என்ற கேள்வி உங்கள் நடத்தைக்கு வைக்கும் பரீட்சை மாதிரி உங்களுக்குப் படுகிறது. சிலர் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் வீடு உங்களுக்கு வேண்டாம். மற்றவர்களுக்கு உள்ளே ஓடுவது வேறு: வாடகை மாதாமாதம் வருமா, பிரிந்தவர் வாசலில் வந்து கத்துவாரா, காலி பண்ணச் சொன்னால் பண்ணுவாரா. அவர்கள் வாய்விட்டுக் கேட்காத இந்தப் பயங்களுக்குப் பதில் சொல்லுங்கள். “நானும் மகளும்தான். எம்.ஏ. படிக்கிறேன், வேலையும் பார்க்கிறேன். வாடகை 5ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் வந்துவிடும். ஊரிலிருந்து அம்மாவும் அண்ணனும் வந்துபோவார்கள்.” இவ்வளவு போதும், நிறுத்திவிடுங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்கு எதற்கு? வீட்டில் நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், குரல் நிதானப்படும். கீழவாசல் அம்மாவுக்கும் நீங்களே ஒரு போன் போடுங்கள். அவர் வீட்டுக்காரரிடம் கேட்டாரோ, மறந்தே போனாரோ!

அண்ணனை ஒரு நாள் கூட்டிப் போங்கள். ஆண் துணையோடு போனால்தான் கதவு திறக்கும் என்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் தங்கை படுகிற பாட்டை அவர் கண்ணால் ஒருமுறை பார்க்கட்டும்.

டவுனுக்குள்ளேயே தேடாதீர்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனவே வல்லம், மாரியம்மன் கோவில், கண்டியூர், ஏன், திருவையாறு வரைக்கும் பார்க்கலாம். வாடகையில் மிச்சம் பிடித்ததை பஸ்ஸுக்கு அழ வேண்டியதில்லை. ஆடி மாதம் வீடு மாறப் பலர் தயங்குவார்கள், காலி வீடு சும்மா கிடக்கும், பேரமும் படியும். அப்போது பேசி முடித்துவிட்டு, பாலை ஆவணியில் காய்ச்சிக்கொள்ளலாம். (என் அம்மா இதைப் படித்தால் திட்டுவார்.)

வீட்டுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முடிவு செய்யுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. காலையில் உங்களுக்கு அரைமணி நேரம் மிஞ்சும். அங்கிருந்து அவள் நடந்து வரும் தூரத்தில் ஒரு போர்ஷன், கீழேயே வீட்டுக்காரர் குடியிருந்தால் இன்னும் நல்லது. தமிழக அரசின் தோழி விடுதி தஞ்சாவூரிலும் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கானது அது. அச்சகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், மகளோடு தங்க இடம் உண்டா என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம். இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. உங்கள் கணக்கில் 15,000. சட்டத்தைத் தூக்கிக் காட்டினால் வீடு கிடைக்காது, பேரத்தை அங்கிருந்து தொடங்க உதவும். குடிவந்த பிறகு தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் முடியாது. நகையை விற்றுப் போக்கியத்துக்கு எடு என்று யாராவது சொன்னால், வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரம் பதியாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடிதத்தில் ஜீவனாம்சம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! மகளுக்கு அவள் அப்பாவிடமிருந்து வர வேண்டிய பணம் அது, கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். தொலைபேசி 15100. மாதம் 3,000 வந்தால்கூட நீங்கள் பார்க்கிற வீடுகளே மாறிவிடும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பரீட்சை நேரத்தில் பத்து நாள் பாட்டியிடம் இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் என்பது வேறு. அலைக்கழிக்கிறேனா என்று கேட்டீர்கள். இப்போது ஊரிலேயே இருந்தும் அவள் தூங்கின பிறகுதானே வருகிறீர்கள்? தஞ்சாவூரில் வீடு எடுத்தால் ராத்திரி உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், பள்ளிக்கூடத்தில் யார் பென்சிலைப் பிடுங்கினார்கள் என்று சொல்வாள். இடம் மாறுவதில் அவளுக்கும் லாபம் இருக்கிறது.

மூன்று மணி விழிப்பை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். படுக்கையில் கிடந்து கணக்குப் போடாமல் எழுந்து உட்கார்ந்து, மனதில் ஓடுவதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் இதே கதை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.