ஒரே புயல், இரண்டு படங்களில் இரண்டு இடம்: எதை நம்புவது?

கேள்வி: நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறோம். புயல் காலத்தில் செல்போனில் செயற்கைக்கோள் படம் பார்ப்பது வழக்கம். இன்சாட் படத்தில் கடலுக்குள் நிற்கும் மேகம், அதே நேரத்து ஜப்பான் படத்தில் கரையைத் தொட்டுவிடுகிறது. எது சரி? நம் கடலை அவர்கள் ஏன் படமெடுக்க வேண்டும்?

பதில்: இரண்டிலும் பொய் இல்லை, பார்க்கும் கோணம்தான் வேறு. இந்தியாவின் இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல், 82 டிகிரி கிழக்கில் நிற்கிறது. உங்கள் கடல் அதற்குக் கிட்டத்தட்ட நேர் கீழே. ஜப்பானின் ஹிமாவாரி-9 நிற்பதோ 140.7 டிகிரியில், நியூ கினித் தீவுக்கு வடக்கே. அங்கிருந்து வங்கக்கடல் மிகச் சாய்வாகத்தான் தெரியும். அதனால் 15 கி.மீ. உயரமுள்ள புயல் மேகத்தின் உச்சி, நாகை அருகே சுமார் 40 கி.மீ. மேற்கே தள்ளி, அதாவது கரைப்பக்கமாக விழுகிறது. நமக்கு மேற்கே, 45.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்-9 படத்திலோ அதே உச்சி 10 கி.மீ.க்கு மேல் கிழக்கே போய்விடும். இன்சாட்டில் பிசகு 3, 4 கி.மீ.தான். எனவே மேகம் எங்கே நிற்கிறது என்பதற்கு இன்சாட்டைப் பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு படம் தரும் ஹிமாவாரி, மேகம் திரள்கிறதா கலைகிறதா என்று பார்க்க நல்லது. படத்தில் நேரம் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 06:00 என்றால் நமக்குக் காலை 11:30. இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் புதியதென்று பார்ப்பவர்கள் ஏராளம்.

அவர்கள் ஏன் எடுக்கிறார்கள்? ஒரே இடத்தில் நிற்கும் கோளுக்குப் பூமியின் ஒரு பக்கம்தான் தெரியும், அந்தப் பரப்பில் யார் கடல் என்ற கணக்கே கிடையாது. ஆகவே 1972 முதலே கோள் வைத்திருக்கும் நாடுகள் கூடிப் பேசி, எந்தக் கோள் எங்கே நிற்பது, ஒன்று பழுதானால் யார் ஈடுகொடுப்பது என்று திட்டமிடுகின்றன. 1998-ல் இந்தியப் பெருங்கடல் ஆய்வு ஒன்றுக்காக ஐரோப்பியர்கள் மீட்டியோசாட்-5-ஐ 63 டிகிரிக்கு நகர்த்தினார்கள். ஆய்வு முடிந்தும் அந்தச் சேவையை நிறுத்தவில்லை. இன்றைய மீட்டியோசாட்-9 அதன் தொடர்ச்சி. ஜப்பானுக்கும் இப்படி உதவி கிடைத்தது. அவர்களது கோள் முதுமையில் தளர்ந்தபோது, 2003-ல் அமெரிக்கா தன் கோஸ்-9-ஐ இரவல் தந்தது.

படகுக்காரருக்கு மேகத்தைவிட முக்கியம் கடல்மட்டக் காற்று. மேகத்தின் உச்சியை மட்டும் காட்டும் படத்தில் அது தெரியாது. மேகத்தை ஊடுருவி, அலைகளில் பட்டுத் திரும்பும் மைக்ரோ அலைகளை வைத்துக் காற்றை அளக்கும் கருவிகள் இந்தியாவின் ஓஷன்சாட்-3-லும் ஐரோப்பாவின் மெடாப் கோள்களிலும் உள்ளன. துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றி ஓடும் இவை எந்நேரமும் நம் கடல்மேல் இருப்பதில்லை, ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பார்க்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் வானிலைத் துறை புயல் மையத்தைக் கணிக்கிறது.

அதன் அறிக்கையில் மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அந்த எண்களைப் படகின் ஜிபிஎஸ்ஸில் போட்டுத் தூரத்தைப் பாருங்கள். செல்போன் படத்தில் மேகம் எங்கே தெரிந்தாலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் படகை எடுக்காதீர்கள்.