பாடுவது பணிவை, நினைப்பது என் குரலை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது. மேலூர் வட்டாரத்தில், திருவாதவூருக்குப் பக்கத்துக் கிராமம். மாணிக்கவாசகர் பிறந்த மண் என்பதால் திருவாசகம் முழுவதையும் ஓதும் முற்றோதல் என்றால் எங்கள் பக்கம் கூட்டம் கூடும். 12 ஆண்டுகளாக நான்தான் முன்னே ஓதுகிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பாட்டி பாடக் கேட்டே 51 பகுதிகளும் மனப்பாடம்.

சென்ற மாதம் பூக்கட்டி விற்கும் பெண் ஒருத்தி, திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் பாட முன்வந்தாள். 'புழுவாய்' என்பதைப் 'புளுவாய்' என்றாள். எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். பிறகு அவள் வரவேயில்லை. எனக்கோ தூக்கம் போய்விட்டது. 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்று பாடும்போதே, குரல் எடுபட்டதா என்று கூட்டத்தைப் பார்க்கிறேன். செருக்கை அறுக்க வேண்டிய நூலே எனக்குச் செருக்காகிவிட்டதே! ஓதுவதை விட்டுவிடட்டுமா?

*

அன்புள்ள அம்மா,

விட வேண்டாம். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில் நான் நின்றுவிட்டேன்: எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஊர் உங்களை மதித்துப் பார்த்த முதல் இடம் அந்த முற்றோதலாக இருந்திருக்கலாம். அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் உள்ளே இருந்தால், அடுத்தவர் நாக்குப் பிசகும்போது அதட்டத் தோன்றும். இதனால் அந்தப் பூக்காரப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் குறைந்துவிடாது. ஆனால் இரவெல்லாம் 'நான் எவ்வளவு மோசம்' என்று புரள்வதிலும் நினைப்பு உங்களைச் சுற்றியே வருகிறது, கவனித்தீர்களா? மூன்றாம் முறை சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? அதை நினைத்துப் பாருங்கள்.

சிவபுராணம் 'பல்லோரும் ஏத்தப் பணிந்து' என்று முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. பலர் ஏத்துவதும் அங்கே இருக்கிறது, பணிவதும் இருக்கிறது. பாராட்டு பிடிப்பதைக் குற்றமாக எண்ணி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு, முன்னே ஓதுவதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து பிறர் குரலைக் கேளுங்கள். வீட்டில், மனப்பாடத்தை நம்பாமல் புத்தகத்தைத் திறந்து, நாளுக்கு ஒரு வரி மட்டும் வாய்விடாமல் படியுங்கள். கேட்க ஆளில்லாதபோது அந்த வரி உங்களிடம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அதற்கு முன்பாக அவரிடம் போங்கள். பூ வாங்கும் சாக்கில் அல்ல, மன்னிப்புக் கேட்கவே போங்கள். உடனே வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். என்றாவது வந்தால் சிவபுராணத்தை அவரே தொடங்கட்டும், 'புளுவாய்' என்று பாடினாலும்.