மகள் ஐ.நா.வில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாளா? அவள் அப்பாவுக்கு ஒரு பதில்

சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பள்ளிப்படிப்பை முடிக்கப் போகிறாள், சர்வதேச உறவுகள்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இதெல்லாம் சோறு போடுகிற படிப்பா என்று கேட்கிறீர்கள். போடும். ஆனால் அவள் மனதில் வைத்திருக்கிற வழியில் போடாது, அதனால் இந்தப் பதிலை அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

2025 அக்டோபரில் கோலாலம்பூரில் கிழக்குத் திமோர் என்ற சின்ன நாடு, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11ஆவது உறுப்பினராகச் சேர்ந்த செய்தியைப் பார்த்த பிறகுதான் இந்த ஆசை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கொடி, கைதட்டல், தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். அது சில நிமிட விஷயம் சார். அந்த நாடு விண்ணப்பம் கொடுத்தது 2011இல். நடுவில் போன 14 வருஷத்தில் யார் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதில்தான் உங்கள் மகளின் வேலை இருக்கிறது.

அதே நாட்டை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். 2002 மே மாதம் விடுதலை, அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. உறுப்பினர். நான்கே மாதம். காரணம், ஐ.நா. சாசனத்தின் 4ஆவது பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: அமைதியை விரும்பும் நாடாக இருக்க வேண்டும், சாசனத்தின் கடமைகளை ஏற்க வேண்டும், அவற்றை நிறைவேற்ற முடிய வேண்டும். பாதுகாப்பு சபை பரிந்துரைக்கும், பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், முடிந்தது. பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் தடுத்துவிட்டால் எத்தனை வருஷமானாலும் கதவு திறக்காது என்பது வேறு கதை. அங்கே சிக்கல் அரசியலில்தான், காகித வேலை குறைவு.

உலக வர்த்தக அமைப்பு இதற்கு நேர் எதிர். கிழக்குத் திமோர் அங்கே சேர்ந்தது 2024 ஆகஸ்டில்தான், கொமொரோஸ் என்ற தீவு நாடும் அதே மாதம் சேர்ந்தது, மொத்தம் 166 உறுப்பினர்கள் ஆனார்கள். சேர விரும்பும் நாடு முதலில் தன் வர்த்தகச் சட்டங்கள், சுங்கம், மானியம், காப்புரிமை எல்லாவற்றையும் விவரித்து ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கென ஒரு பணிக்குழு அமைப்பார்கள், ஏற்கெனவே உள்ள எந்த உறுப்பினரும் அதில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். கேட்பார்கள், எழுதிப் பதில் கொடுக்க வேண்டும், அந்தப் பதிலிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி முளைக்கும். இன்னொரு பக்கம் ஆர்வமுள்ள நாடுகளோடு தனித்தனியாக இறக்குமதி வரியைப் பற்றிப் பேரம். ஒரு நாட்டுக்கு ஒரு பொருளுக்கான வரியைக் குறைத்துக் கொடுத்தால் அந்தச் சலுகை எல்லா உறுப்பினர்களுக்கும் சேரும், அதனால் ஒவ்வொரு எண்ணையும் பலமுறை யோசித்துத்தான் எழுத வேண்டும். சீனாவுக்கு இதற்கு 15 வருஷம் பிடித்தது, 1986இலிருந்து 2001 வரை. ரஷ்யாவுக்கு 19.

சரி, அந்தப் பதில்களை எழுதியது யார்? இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கிற ஜெனீவாவில் கோட்டுப் போட்டவர்கள் என்று நினைக்கிறார்கள். கணிசமான வேலை அந்தந்த நாட்டுத் தலைநகரில், வர்த்தக அமைச்சகத்தில், சுங்கத் துறையில், சட்ட வரைவு அலுவலகத்தில், புள்ளிவிவரத் துறையில் நடக்கிறது. சட்டத்தைத் திருத்தி எழுதத் தெரிந்தவர், வரிப் பட்டியலைப் படித்து அது விவசாயியை என்ன செய்யும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர், மொழிபெயர்ப்பாளர், இவர்கள்தான் தேவைப்படுகிறார்கள். குரோஷியா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது குரோஷிய மொழி ஒன்றியத்தின் 24ஆவது அலுவல் மொழியானது. அதுவரை இருந்த ஒன்றியச் சட்டத்தையெல்லாம் அந்த மொழியில் கொண்டுவர எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

அதனால் என் கருத்து இது, உங்களுக்குப் பிடிக்கலாம், அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். இளங்கலையில் வெறும் சர்வதேச உறவுகள் வேண்டாம். சட்டம், பொருளாதாரம், புள்ளியியல் என்று கையில் பிடித்துக்கொள்ள ஒரு தொழில் இருக்கட்டும், சர்வதேச உறவுகளை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு மொழி. ஐ.நா.வுக்கு ஆறு அலுவல் மொழிகள், ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் தெரிந்தால் பல கதவுகள் லேசாகத் திறக்கும்.

அப்புறம் பாஸ்போர்ட் விஷயம், யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. உறுப்பு நாடு என்பது வேலைவாய்ப்பிலும் வந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தரப் பணிகளுக்குப் பொதுவாக ஒன்றியக் குடிமக்களைத்தான் எடுப்பார்கள். ஐ.நா. இளைஞர்களை வேலைக்கு எடுக்க நடத்தும் இளம் தொழில்முறையாளர் தேர்வை 32 வயதுக்குள் எழுதலாம், ஆனால் தலைமைச் செயலகத்தில் தங்கள் நாட்டவர் யாருமே வேலையில் இல்லாத அல்லது குறைவாக உள்ள நாடுகளின் குடிமக்கள்தான் எழுத முடியும், அந்தப் பட்டியல் வருஷாவருஷம் மாறும். உங்கள் நாடு அதில் இல்லாத வருஷத்தில் எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணாக இருந்தாலும் எழுத முடியாது. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சிப் பணிக்குச் சம்பளமும் கிடையாது, ஜெனீவா, நியூயார்க் செலவை வீட்டில்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நீங்கள் பணத்தைத் திட்டமிடச் சொல்கிறேன்.

ஒரு சின்னச் சோதனை வைப்போம். கிழக்குத் திமோரைச் சேர்த்தபோது உலக வர்த்தக அமைப்பின் பணிக்குழு கொடுத்த அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வறண்ட எழுத்து, பத்தி பத்தியாக எண் போட்டுப் போகும். அதில் இருபது பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தூக்கம் வந்தால் பரவாயில்லை, எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் நடுவில் நிறுத்தி, "ஏன் இவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?" என்று உங்களிடம் வந்து கேட்டாளானால், எனக்கு எழுதுங்கள், அடுத்து எந்தக் கல்லூரி என்று பேசலாம்.