மலைப்பாதை ஓட்டத்துக்கான தண்ணீர்ப் பை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாகமலை அடிவாரத்தில் ஓடிப் பழகிவிட்டு, முதல்முறையாக 50 கிலோமீட்டர் மலைப்பாதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 2 லிட்டர் நீர்ப்பை வாங்குவதா, 3 லிட்டரா? (திருநகர் வாசகர்)

பதில்: அதற்கு விடை கடையில் இல்லை, உங்கள் வியர்வையில் இருக்கிறது. போட்டி நாளில் எதிர்பார்க்கும் வெயிலிலேயே ஒரு மணி நேரம் ஓடி, ஓட்டத்துக்கு முன்னும், உடம்பை நன்றாகத் துடைத்தபின் மறுபடியும் எடை பாருங்கள். 64 கிலோ 63.2 ஆகக் குறைந்து, இடையில் 400 மில்லி குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர். மார்கழிக் காலையில் எடுத்த கணக்கைச் சித்திரை வெயிலுக்குப் பொருத்தக் கூடாது. மதுரையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

இழந்த நீர் முழுவதையும் ஓடும்போதே ஈடுசெய்ய வேண்டியதில்லை. தண்ணீர் கிடைக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்த நேரத்துக்குத் தேவையானதோடு அரை லிட்டர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் நிரப்ப முடியுமானால், உங்களைப் போன்றவருக்கு 1.5 முதல் 2 லிட்டர் போதுமானது. 3 லிட்டர் என்பது ஏற்றத்தில் தோள்மேல் 3 கிலோ என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: 12 லிட்டர் என்று எழுதியிருக்கும் ஓட்டப் பையில் (நீர்ப்பையை உள்ளே வைத்து முதுகில் மாட்டுவது) 12 லிட்டர் தண்ணீர் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. அது உணவு, மழைச்சட்டை, விளக்கு எல்லாம் சேர்த்துப் பையின் மொத்தக் கொள்ளளவு. நீர்க் கொள்ளளவைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். பகல் ஓட்டத்துக்கு 5 முதல் 8 லிட்டர் பையே பெரும்பாலும் போதும்.

கேள்வி: முதுகில் குழாய் வைத்த நீர்ப்பை நல்லதா, மார்பில் இரண்டு சாஃப்ட் ஃபிளாஸ்க் (மென்மையான, சுருங்கும் குடுவை) நல்லதா? (ஒத்தக்கடை வாசகர்)

பதில்: வழியில் அடிக்கடி நீர் நிரப்பும் வசதி இருந்தால், தயங்காமல் 500 மில்லி ஃபிளாஸ்க் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கக் குடிக்க அவை சுருங்குவதால் நீர் தளும்பாது. எவ்வளவு மீதி என்பது கண்ணுக்குத் தெரியும். ஒன்றில் வெறும் நீரும் மற்றொன்றில் உப்புக் கரைசலும் வைத்துக்கொள்ளலாம். பையைக் கழற்றாமலே நிரப்பிவிடலாம் என்பது போட்டியில் பெரிய ஆதாயம்.

நெடுந்தூரம் நீரே கிடைக்காத பாதையென்றால் முதுகில் வைக்கும் நீர்ப்பைதான் உகந்தது. அதை நிரப்பி மூடியபின் தலைகீழாகப் பிடித்து, உள்ளே நிற்கும் காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி வெளியேற்றிவிட்டால் தளும்பும் ஓசை நின்றுவிடும். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் தங்கிய நீரைப் பைக்குள்ளேயே ஊதித் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் நம் வெயிலில் அடுத்த மிடறு சுடும். சிறுமலை, அழகர்மலை போன்ற காப்புக்காடுகளுக்குள் ஓடுவதற்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். பொடியை ஃபிளாஸ்க்கில் கலக்கலாமா? எவ்வளவு குடிக்க வேண்டும்?

பதில்: கலக்கலாம், ஆனால் அளவு மிக முக்கியம். 1 லிட்டருக்கான பொட்டலத்தை 500 மில்லி ஃபிளாஸ்க்கில் கொட்டினால் கரைசலின் செறிவு இரட்டிப்பாகி, வயிற்றைக் கெடுக்கும். வீட்டிலேயே 1 லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, இரண்டு ஃபிளாஸ்க்குகளில் பிரித்து ஊற்றுங்கள்.

தாகத்தை அனுசரித்துக் குடியுங்கள். மணிக்கணக்கில் தேவைக்கு மேல் நீர் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் ஏற்படலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புக் கரைசலாகவே இருந்தாலும் அளவுக்கு மீறிக் குடித்தால் அது காப்பாற்றாது. இந்த அறிகுறிகளோடு ஒருவர் உட்கார்ந்துவிட்டால், காரணம் தெரியாமல் நீரைத் திணிக்காமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

கேள்வி: சட்டை அளவைச் சொல்லித்தான் ஓட்டப் பையை வாங்கினேன். காறை எலும்பும் அக்குளும் உரசிப் புண்ணாகிறது. (தல்லாகுளம் வாசகி)

பதில்: சட்டை அளவு இதற்குப் பயன்படாது. ஓட்ட உடையின்மேல் மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்து, அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கென வெட்டப்பட்ட வடிவம் இருந்தால் அதையே முதலில் அணிந்து பாருங்கள். வெறும் பையை மாட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நீரை முழுதாக நிரப்பி, ஓடிப் பார்த்து, பை குதிக்காமலும் ஆழ்ந்த மூச்சுக்குத் தடையில்லாமலும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அளவு சரியாகியும் உரசினால், காய்ந்த வியர்வையின் உப்பு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பையை அலசுங்கள். உரசும் இடங்களில் முன்கூட்டியே வாசலின் தடவுங்கள்.

கேள்வி: நீர்ப்பையில் வாடையும் குழாயில் கறுப்புப் புள்ளிகளும் வருகின்றன.

பதில்: இளநீரோ பழச்சாறோ ஊற்றியிருப்பீர்கள், சர்க்கரை இருக்கும் இடத்தில் பூஞ்சை எளிதில் வளரும். நீர்ப்பையில் வெறும் நீர் மட்டுமே ஊற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊறவைத்து, குழாயை மெல்லிய தூரிகையால் தேய்த்து, பையின் வாயைத் திறந்தபடி தொங்கவிட்டு உலர்த்துங்கள். முழுதாக உலராவிட்டால் ஃபிரீசரில் வைத்துவிடலாம். தேய்த்தும் போகாத கறுப்பு என்றால் குழாயை மட்டும் புதிதாக வாங்கி மாற்றுங்கள்.