தாத்தாவுக்கும் ஒரு டம்ளர் டீ

கேள்வி: எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னால் என் மாமனார் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சின்னப் பிள்ளை தாங்காது என்று, தாத்தா கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். இப்போது இரண்டு மாதமாகத் திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், மிதிச்சிராதம்மா என்கிறாள். சாயங்காலம் தன் டீயில் பாதியை வேறு டம்ளரில் ஊற்றி, பழைய வலை கிடக்கிற மூலையில் கொண்டுபோய் வைக்கிறாள். கூட ஒரு பாப்பாவும் வருதாம். காத்துக்கருப்பு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் விடணும் என்கிறார் மாமியார். ஒருநாள் பயத்தில் அடித்துவிட்டேன், அதிலிருந்து ரகசியமாகத்தான் பேசுகிறாள். என் பிள்ளைக்கு மனநோயா? (பெயர் வேண்டாம்)

பதில்: அடித்தது அடித்ததாகப் போகட்டும், இனி வேண்டாம் தங்கச்சி. அடித்தபிறகும் தாத்தா வந்துகொண்டுதான் இருக்கிறார், அவள் உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுவிட்டது. நமக்கு வேண்டியதே அவள் வாய்திறந்து சொல்வதுதான், நாளைக்கு டாக்டரும் அதைத்தான் கேட்பார்.

மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயதுவரை இல்லாத ஆளோடு பேசி விளையாடுகிற பிள்ளைகள் ஏராளம். சும்மா விளையாட்டுக்கு என்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கே தெரியும். பாப்பா அந்த வகையாக இருக்கலாம். தாத்தா கதை எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்கள் ஊரில் கடலுக்குப் போனவர் என்றால் திரும்பி வருகிறவர், அவள் அப்பாவே டோக்கன் போட்டுப் போய் மறுநாள் காலையில் ஐஸ்பெட்டியோடு வந்து நிற்கிறார், அப்புறம் தாத்தா மட்டும் ஏன் வரமாட்டார்? அவள் காத்திருக்கிறாள். செத்தவர் திரும்ப வரமாட்டார் என்பது நேராகச் சொன்னாலே ஐந்து வயதில் முழுசாகப் பிடிபடாது, நீங்கள் சொல்லவே இல்லை. பெரியவர்களுக்கும் இது நடக்கிறதுதான், செத்துப்போனவரின் இருமல் சத்தம் மாதக்கணக்கில் காதில் விழும். மாமியாரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

அதனால் சொல்லிவிடுங்கள். "தாத்தா கடலுக்குப் போகலைடா, இறந்துட்டாரு. மூச்சு நின்னுபோச்சு, இனி வரமாட்டாரு." தூங்கிவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளை தூங்கவே பயப்படும். பத்துத் தடவை கேட்பாள், பத்துத் தடவையும் பதில் சொல்லுங்கள்.

இருந்தாலும் குழந்தை டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள், ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியே போதும். ஆள் தெரிகிற நேரத்தில் ஒரே பக்கம் வெறித்துப் பார்க்கிறாளா, கூப்பிட்டால் திரும்பாமல் வாயை மென்றுகொண்டு, அப்புறம் அசந்து படுக்கிறாளா? அது வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம், மருந்து உண்டு. தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு இருந்தால் சொல்லுங்கள். காய்ச்சல் வேகத்திலும் தூக்கம் பிடிக்கிற நேரத்திலும்கூட ஆள் தெரியும். சளி மருந்து அளவு மீறினாலோ ஊமத்தங்காயை வாயில் வைத்திருந்தாலோ திடீரென்று இல்லாததைப் பிடிப்பதுபோல் கையை நீட்டும், முகம் சிவந்து வாய் உலர்ந்து கண்மணி விரிந்திருக்கும், அப்போது யாரையும் கேட்காமல் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இல்லாத குரல் கேட்கிற, இல்லாத ஆள் தெரிகிற மனச்சிதைவு நோய் பதின்மூன்று வயதுக்கு முன்னால் மிக அபூர்வம். ஏதோ குரல் அடி, குதி என்று ஏவுகிறது என்றாலோ, பயந்து நடுங்கிச் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் போனாலோ தாமதிக்க வேண்டாம். ராத்திரி பதறினால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரி, ஏர்வாடி. போய் துவா கேட்டு வாருங்கள், எல்லா மதத்தாரும் போகிற இடம், மாமியாரின் மனசையும் பார்க்கணும். ஆனால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வருவது, கட்டிவைப்பது, புகை போடுவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாத நாள் அது. துவாவும் கேளுங்கள், மருந்தும் கொடுங்கள்.

வீட்டுக்காரர் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்து அவரையும் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் சொல்லுங்கள், செத்தது அவருக்கு அப்பா. அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழட்டும். அப்புறம் தாத்தாவை அடக்கம் செய்த இடத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். டீயை அங்கே கொண்டுபோய் வைக்கணும் என்று கேட்டால், வைக்கட்டும்.