பழைய டிராக்டரின் டிரெய்லர் கொக்கி துருவேறி இறுகிவிட்டது. உடைக்காமல் கழற்றி மீண்டும் பயன்படுத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். சில ஆண்டுகளாகத் தோட்டத்துச் சாளையில் நின்றுவிட்ட டிராக்டர் என்றும், கொக்கியில் செருகியிருக்கும் ‘பின்’ (டிரெய்லரை மாட்டும் இரும்புத் தண்டு) சம்மட்டிக்கும் அசையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் சம்மட்டியைக் கீழே வையுங்கள். அடிக்க அடிக்கப் பின்னின் முனை நசுங்கி அகன்றுவிடும்; அதன்பிறகு துரு முழுவதும் விட்டாலும் அந்தத் தலை ஓட்டை வழியாக வெளியே வராது.

துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே இருந்த சிறு இடைவெளி அதனால்தான் ஆப்பு வைத்ததுபோல் இறுகுகிறது. நம் கொங்குப் பகுதி மழை குறைந்த பகுதியாயிற்றே, இங்கே எப்படி இவ்வளவு துரு என்று பலர் வியக்கிறார்கள். மழையை விட, ஏற்றிய பாரமே இதற்குக் காரணமாக இருப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பல்லடம், நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கோழி எருவும், கடையிலிருந்து பொட்டாஷ் மூட்டைகளும் ஏற்றி வரும் வண்டியில், அவற்றின் உப்பு கொக்கியின் காதுகளுக்கு (பின் நுழையும் ஓட்டை உள்ள மேல், கீழ்த் தகடுகளுக்கு) இடையில் படிந்து, இரவுப் பனியின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது.

வேலையைத் தொடங்குமுன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். டிரெய்லர் இன்னும் மாட்டியிருந்தால் அதன் ஏர்க்காலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, பாரம் பின்னின்மேல் விழாதபடி தூக்கி நிறுத்துங்கள். பக்கவாட்டில் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் பின்னுக்கு எந்த எண்ணெயும் உதவாது.

வயர் பிரஷால் மண்ணையும் செதிலையும் நன்றாகச் சுரண்டிய பிறகு, துருவை இளக்கும் ஸ்பிரேயோ, அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சம அளவில் கலந்த கலவையோ ஊற்றலாம். டீசலும் மண்ணெண்ணெயும் கூட வேலை செய்யும், மெதுவாக. ஊற்றியது வழிந்து ஓடாமல் இருக்க, மேல்காதின் மேலேயும் கீழ்க்காதின் மேலேயும் பின்னைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, அதற்குள் தேக்கி வையுங்கள். காலையும் மாலையும் ஊற்றி, ஒவ்வொரு முறையும் காதின் பக்கங்களைச் சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டிவர வேண்டும். அந்த அதிர்வில் துருவில் விழும் நுண்ணிய விரிசல்கள் வழியாகத்தான் எண்ணெய் உள்ளே இறங்குகிறது. சில நாள் கழித்து, பின்னை மேலே இழுக்க முயலாமல், பைப் ரெஞ்சால் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அளவு திரும்பினாலும் போதும், மீதி தானே வரும்.

அப்படியும் அசையாவிட்டால்தான் நெருப்பு. இதில் நான் மிகவும் வற்புறுத்துவது, கொக்கியை டிராக்டரிலிருந்து மொத்தமாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்குங்கள் என்பதுதான். கொக்கி பொருந்தியிருக்கும் பின்புற ஹவுசிங்கில் (டிராக்டரின் பின்பக்க இரும்புக் கூட்டில்) ஆயில் சீல்களும் ஹைட்ராலிக் ஹோஸ்களும் டயரும் அருகிலேயே இருக்கின்றன. ஊற்றிய அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அது முழுவதும் காய்ந்திருக்கவும் வேண்டும். சூடு காட்ட வேண்டியது காதுக்கு, பின்னுக்கு அல்ல. 25 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள காது 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அந்த ஓட்டை ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடியைத் தளர்த்த அது போதுமானது. சிவக்கும்வரை காய்ச்சத் தேவையில்லை. காங்கேயம் பக்கத்தில் என் மாமாவின் வண்டிக் கொக்கியில் சூடான இடத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டு வைத்தபோது, உருகிய மெழுகு இடுக்கில் உறிஞ்சப்பட்டு, சற்று நேரத்தில் காதின் அடியில் கருஞ்சிவப்புக் குழம்பாகக் கசிந்தது. ரெஞ்சை வைத்ததும் பின் திரும்பிவிட்டது.

ஹவுசிங்கில் கொக்கியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முதலில் இறுக்கும் பக்கம் சிறிது அசைத்து, பிறகு தளர்த்துங்கள். தலை மழுங்கியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகலாம். தலையில் 8.8 அல்லது 10.9 என்று குறித்த போல்ட்டுகள் பதப்படுத்தப்பட்டவை. மிகையாகச் சூடு பட்டால் வலிமை இழக்கும். ஆகவே அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே தரத்தில் புதியதாக வாங்குங்கள்.

கழன்றதும் பெயின்ட் டப்பாவைத் தேடாதீர்கள். கொக்கியைச் சுத்தமாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய மண்ணெண்ணெய் பொடியில் கோடாக எழும்பும். காது தொடங்கும் வளைவையும் போல்ட் ஓட்டைகளின் ஓரத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே கோடு தெரிந்தால் அந்தக் கொக்கியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே சரி. தேங்காய் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது பிய்ந்துகொள்ளும் டிரெய்லர், பின்னால் வருபவரின் உயிரைப் பறிக்கும். விரிசல் இல்லாமல் ஓட்டை மட்டும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து லேத் பட்டறைகளில் ஓட்டையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்ளே பொருந்தும் உலோக வளையம்) அடித்துத் தருவார்கள். பின்னையும் ஈ.என். 8 என்ற தர இரும்பில் கடைந்து வாங்குங்கள். வீடு கட்டும் கம்பியை வெட்டிச் செருகும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மீதித் துருவுக்கு, பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைக் கொக்கியிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்து ஊறவைத்தால் நல்ல இரும்பு தேயாமல் துரு மட்டும் உதிரும். ஸ்டெயின்லெஸ் தகடு வேண்டாம், நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு எழும்புவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள். வெளியே எடுத்ததும் கழுவிக் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பூசி, பிறகு எனாமல் அடித்துவிடுங்கள். ஓட்டைக்குள் பெயின்ட் கூடாது, கிரீஸ் மட்டுமே.

மாட்டியபின் பின்னுக்குப் பூட்டுக் கிளிப்பும், கொக்கிக்கும் டிரெய்லருக்கும் நடுவே பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். முதலில் காலி டிரெய்லரை இழுத்துப் பார்த்து, சில பாரம் அடித்த பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கோழி எரு ஏற்றிய நாளில் கொக்கியை நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் புது கிரீஸ் தடவிவிட்டால் இந்தப் பின் இனி கையாலேயே கழன்றுவரும்.