வேடிக்கை பார்த்தாலும் வழக்கு வருமா?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். ஊரில் சேவக்கட்டு பார்த்து வளர்ந்தவன். இங்கே ஒரு பண்ணையில் சேவல் சண்டை நடக்கிறது, வா என்று கூட வேலை செய்பவர் கூப்பிடுகிறார். கத்தி கிடையாதாம், வெற்றுக்கால்தான். பந்தயம் கட்டமாட்டேன். 12 வயது மகனையும் கூட்டிப் போகலாமா?

பதில்: நீங்களும் போகாதீர்கள். மகனை அழைத்துப் போகவே கூடாது.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 42.105-வது பிரிவு 2011 முதல் அமலில் இருக்கிறது. ஒரு சேவல் இன்னொரு சேவலைத் தாக்கினாலோ அதோடு மோதினாலோ அது சேவல் சண்டை என்கிறது அது. வெற்றுக்கால், கத்திக்கால் என்ற நம்மூர்க் கணக்கு அங்கே எடுபடாது.

வேடிக்கை பார்ப்பதே தனிக் குற்றம். முதல் முறை 500 டாலர் வரை அபராதம், சிறை இல்லை. இவ்வளவுதானா என்று தோன்றும். அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். இடம் கொடுப்பவருக்கும், சண்டைக்கென்றே சேவல் வளர்ப்பவருக்கும் முதல் தடவையே அந்த அளவுதான். சேவலை மோதவிடுபவருக்கும், வரும்படியில் பங்கு வாங்குபவருக்கும் 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை. "கொஞ்சம் பிடி, இறக்கிவிடு" என்று நண்பர் சேவலை உங்கள் கையில் திணித்தால், வேடிக்கை பார்க்க வந்தவர் மோதவிட்டவராகிவிடுவீர்கள். (நாய்ச் சண்டை என்றால் பார்வையாளருக்கே முதல் முறையிலேயே ஓராண்டு வரை உண்டு.)

மகன் விஷயம் இதைவிடப் பெரிது. மாநிலச் சட்டத்துக்கு மேல் மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநிலம் தாண்டிய வணிகத்தோடு தொடர்புள்ள சண்டை என்றால், தெரிந்தே போனவருக்கு ஓராண்டு வரை சிறை. 16 வயதுக்குக் குறைந்தவரை அழைத்துப் போனவருக்கு 3 ஆண்டு வரை. சேவலை மோதவிட்டவருக்கு டெக்சாஸ் சட்டம் விதிப்பதைவிட இது அதிகம்! விசாவில் இருப்பவர் என்றால் இன்னொன்று: அடுத்த விசா விண்ணப்பத்தில் கைதானது உண்டா என்று கேட்பார்கள்.

சேவல் ஆசை விடவில்லையா? தோற்றத்தை வைத்து மதிப்பிடும் கோழிக் கண்காட்சிகளுக்குப் போங்கள். அதற்காக மட்டுமே வளர்த்தேன் என்பதை டெக்சாஸின் அந்த 42.105-வது பிரிவே எதிர்வாதமாக ஏற்கிறது. கொட்டகையில் கால்கத்தி கிடந்தால் அந்த வாதம் நிற்பது கஷ்டம்.